குளத்துத் தண்ணீரைப் பார்த்து ஏக்கரைத் தீர்மானியுங்கள்

கேள்வி: நான் மாங்குளத்தில் வசிக்கிறேன், கிளிநொச்சியில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். இவ்வாண்டு தை முதலாம் திகதி, ஒரு நாவலை முடிப்பது, பன்னிரண்டு சிறுகதை எழுதுவது, ஓவியக் கண்காட்சி ஒன்று வைப்பது என மூன்று இலக்குகளைக் கொப்பியில் எழுதினேன். எட்டு மாதம் போய்விட்டது. இதுவரை எழுதியது நாவலில் நாற்பது பக்கமும் இரண்டு சிறுகதையும்தான், தூரிகையைத் தொடவேயில்லை. நாவல் எங்கள் இடப்பெயர்வைப் பற்றியது. அம்மா வீட்டின் கதவு நிலையைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய இடத்தோடு நின்றுவிட்டது. "நாவல் முடிஞ்சுதோ?" என்று கணவர் கேட்கும்போது கூச்சமாக இருக்கிறது. கலைக்கு இலக்கு வைப்பதே பிழையா, அல்லது எனக்குத்தான் ஒழுக்கம் போதாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முழுநேர வேலையும், புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வயதில் ஒரு பிள்ளையும் இருப்பதாகக் கடிதத்தின் கடைசிப் பகுதியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த நிலையில் எட்டு மாதத்தில் நாற்பது பக்கமும் இரண்டு கதையும் எழுதியவரை ஒழுக்கமற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. மாரிகாலக் காலபோக அறுவடை முடிந்ததும், கோடையில் செய்யும் சிறுபோகத்துக்காக நடக்கும் கூட்டங்களை உங்கள் வேலையின் பொருட்டுப் பார்த்திருப்பீர்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று முதலில் கேட்டறிந்த பின்னரே, இம்முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற பேச்சு எழும். தண்ணீர் குறைந்த ஆண்டில் நெல்லைக் குறைத்துப் பயறும் உழுந்தும் போடுவார்கள். அனுமதித்த அளவுக்குப் புறம்பாக விதைத்தவரின் வயல் கதிர் வரும் நேரத்தில் காய்வதையும் நாம் கண்டிருக்கிறோம். நீங்கள் தை முதலாம் திகதி செய்தது, குளத்தைப் பார்க்காமல் மூன்று வயலுக்கும் ஒரே நாளில் விதைநெல் எறிந்த வேலை.

ஆகவே அடுத்த இரண்டு கிழமைக்கு இலக்கு எதையும் எழுதாதீர்கள். தண்ணீரை மட்டும் அளந்து பாருங்கள். ஒவ்வொரு நாளும் உண்மையாகவே உங்களுக்கென்று கிடைத்த நேரம் எவ்வளவு, அது எந்த வேளையில் கிடைத்தது, அப்போது உடம்பில் எழுதும் தெம்பு இருந்ததா என்பதைக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். ஏ9 வீதியில் பேருந்தில் நின்றுகொண்டு போகும் நேரத்தில் எழுத முடியாது. ஆனால் அடுத்த காட்சியில் யார் முதலில் வாய் திறக்கிறார் என்பதைத் தீர்மானிக்கலாம். அதையும் கணக்கில் சேருங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தைச் சேர்க்க வேண்டாம், அது நித்திரைக்கு உரியது.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர்களுக்கு உதாரணமாக, ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி திரொலப்பைப் பலரும் காட்டுவார்கள். அவர் தபால் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தபடி, விடியற்காலையில் மணிக்கூட்டை எதிரே வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதியவர். அந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: காலை 5.30 மணிக்கு அவர் எழுதும் மேசைக்கு வந்துவிடும்படி அவரை எழுப்பிக் கோப்பி கொடுக்க ஒரு பணியாள் இருந்தார், அதற்காக அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. உங்கள் வீட்டில் முதலில் எழும்பி மற்றவர்களுக்குத் தேநீர் வைப்பவர் நீங்கள். அவருடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொரு கணக்கும் உங்களைக் குழப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பின் வன்னியில் நடந்த பயிற்சிப் பட்டறைகளில் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் 'ஸ்மார்ட்' (SMART) இலக்கு என்று ஐந்து எழுத்தை எழுதி, இலக்கு தெளிவாகவும் அளக்கக்கூடியதாகவும் காலவரையோடும் இருக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை நீங்களே விளக்கியும் இருப்பீர்கள். அந்த முறையை 1981 இல் ஜோர்ஜ் டோரன் நிறுவன முகாமையாளர்களுக்காக எழுதினார். கிணறு கட்டும் திட்டத்துக்கு அது நல்ல முறை. எத்தனை கிணறு, எத்தனை குடும்பம், எந்தத் திகதி என்று முன்கூட்டியே சொல்ல முடியும். எழுதி முடிக்கும் வரை என்னவாக இருக்கும் என்று எழுதுபவருக்கே தெரியாத ஒன்றுக்குப் பயனாளிகளின் எண்ணிக்கையை எப்படி நிரப்புவது? இலக்குகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த எட்வின் லாக்கும் கேரி லேதமும், தெளிவானதும் கடினமானதுமான இலக்கு மனிதரை நன்றாக வேலை செய்ய வைக்கும் என்று காட்டியவர்கள்தாம். ஆனால் செய்யும் வழியே இன்னும் பிடிபடாத சிக்கலான வேலைகளில், இவ்வளவு முடிக்க வேண்டும் என்பதைவிட இன்னதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற இலக்கே உதவுகிறது என்பதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முதல் நாவல் அத்தகைய வேலை. 'இந்த மாதம் முப்பது பக்கம்' என்பதற்குப் பதிலாக 'இந்த மாதம் இரண்டு பேர் பேசும் காட்சியை விளக்கம் எதுவுமின்றி எழுதிப் பழகுவேன்' என்று எழுதிப் பாருங்கள்.

இனி, நின்றுபோன அந்த இடத்துக்கு வருகிறேன். 2008 இன் கடைசியில் மாங்குளத்திலிருந்து வெளிக்கிட்ட ஒரு குடும்பத்தின் கதை அடுத்து எங்கே போகும் என்பது வன்னியில் பிறந்த எந்த வாசகருக்கும் தெரியும். நீங்கள் அங்கே நின்றதற்குச் சோம்பல் காரணமல்ல. அந்த அத்தியாயங்களுக்குத் திகதி வைக்காதீர்கள், பக்கக் கணக்கும் வைக்காதீர்கள். அவற்றுக்கு வைக்கக்கூடிய இலக்கு ஒன்றுதான்: ஓர் அமர்வுக்கு ஒரு பொருள். முதல் அமர்வில் அந்தக் கதவு நிலையை மட்டும் எழுதுங்கள். எந்த மரம், யார் அலவாங்கு பிடித்தார்கள், சுவரில் விட்ட பள்ளம் எப்படி இருந்தது, பெட்டிக்குள் அதன்மேல் என்ன வைத்தீர்கள் என்று எழுதிவிட்டு, மனம் கனத்தால் கொப்பியை மூடிவிடலாம். அன்றைய இலக்கு முடிந்துவிட்டது. மறுநாள் எழுத முடியாவிட்டால் சிறுகதைப் பக்கம் போங்கள். நெல்லுக்குத் தண்ணீர் போதாத நாளுக்குத்தான் பயறு.

எப்போது எழுதுவது என்பதை நேரத்தோடு மட்டும் கட்டாமல் ஒரு நிகழ்வோடு கட்டுங்கள். 'சனிக்கிழமை பிள்ளையை ரியூசனில் விட்டதும், வகுப்பு முடியும்வரை அந்த வேப்பமரத்தடியில் இருந்து எழுதுவேன்' என்பது போன்ற தீர்மானம், 'வாரத்தில் மூன்று மணித்தியாலம் எழுதுவேன்' என்பதைவிட நிலைக்கிறது என்று பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் சொல்கின்றன. என் அனுபவமும் அதுவே. நான் ஒரு காலத்தில் நான்கு நிறப் பேனையால் ஆண்டு அட்டவணை கீறினேன். அட்டவணை மிக அழகாக வந்தது, அந்த ஆண்டு வேறொன்றும் வரவில்லை.

கண்காட்சியை இவ்வாண்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். போட்டிப் பரிசு, பிரசுரம் போன்றவற்றையும் இலக்கில் சேர்க்க வேண்டாம். கடைசித் திகதிக்கு முன் அனுப்புவது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. கணவரிடம் நாவலைப் பற்றிச் சொல்வதை நிறுத்தி, சனிக்கிழமைக் காலை எனக்கு வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். 'முடிஞ்சுதோ' என்ற கேள்விக்கு இடமே இராது. கார்த்திகையும் மார்கழியும் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதங்கள் என்பதால் அவற்றுக்கு எந்த இலக்கும் வேண்டாம்.

கதவு நிலையை எழுதியதும் அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அது முதிரையா பாலையா என்று நீங்கள் பிழையாக எழுதியிருந்தால், அவர் திருத்துவார்.