மெமரி கார்டு போட்டும் டேப் 'இடமில்லை' என்கிறதே?

கேள்வி: மேலூரில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 67. மகன் நாலு வருடத்துக்கு முன்பு ஆண்ட்ராய்டு டேப் ஒன்று வாங்கிக் கொடுத்தான். 32 ஜிபி, வைஃபை மட்டும், சிம் கிடையாது. பழைய புத்தகங்களின் பிடிஎஃப் படிப்பேன், வாட்ஸ்அப் பார்ப்பேன், அவ்வளவுதான். இரண்டு மாதமாக 'ஸ்டோரேஜ் இல்லை' என்றே வருகிறது. எந்த ஆப்பும் அப்டேட் ஆவதில்லை, புத்தகத்தில் பக்கம் திருப்பினாலும் திணறுகிறது. 128 ஜிபி மெமரி கார்டு வாங்கிப் போட்டும் அதே செய்திதான். மதுரையில் ஒரு கடையில் காட்டினேன். "இது அவ்வளவுதான் சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். வாங்கத்தான் வேண்டுமா? இதில் கூகுள் பேயும் வேலை செய்யவில்லை. அதற்கும் இடமில்லாததுதான் காரணமா?

பதில்: ஐயா, புது டேப்புக்கு எடுத்து வைத்த காசு இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டேப் கெட்டுப்போகவில்லை, இடம்தான் அடைபட்டிருக்கிறது. என் மேசைக்கு வரும் டேப்களில் பாதி இந்தக் கதைதான்.

முதலில் அந்த மெமரி கார்டு. வீட்டில் இடம் போதவில்லை என்று பரண் போட்ட மாதிரிதான் அது. பழைய பாத்திரத்தையும் அட்டைப்பெட்டியையும் பரணில் ஏற்றலாம், சமையலை அங்கே செய்ய முடியாது. உங்கள் டேப்பில் ஆப்கள் ஓடுவதும் அப்டேட் இறங்குவதும் வாட்ஸ்அப் சேமிப்பதும் எல்லாம் உள் ஸ்டோரேஜில்தான். அதில் ஆண்ட்ராய்டும், கம்பெனிக்காரன் முன்பே போட்டு அனுப்பிய ஆப்களும் சேர்ந்து 12 முதல் 15 ஜிபி வரை பிடித்துக்கொள்வது சகஜம். ஆக 32 ஜிபியில் உங்கள் கைக்கு வருவது பாதிக்குக் கொஞ்சம் மேல். கார்டை 128 ஆக்கினாலும் 512 ஆக்கினாலும் அந்தப் பாதி பெருகாது. நாமே எடுத்துக் கார்டில் வைத்தால்தான் உண்டு, தானாக எதுவும் அங்கே போகாது.

இடம் முழுதாக நிரம்பினால் ஏன் மெதுவாகிறது? டேப்பின் உள் ஸ்டோரேஜ் ஃபிளாஷ் மெமரி என்ற வகை, அதில் பழையதை அழித்துத்தான் புதிதை எழுத முடியும், அதுவும் துண்டு துண்டாக இல்லை, பெரிய பெரிய கட்டங்களாக. காலி இடம் இருந்தால் வேலை ஓடும். இல்லையென்றால் ஒன்றை நகர்த்தி, இன்னொன்றை அழித்து, அப்புறம்தான் எழுதும். சித்திரைத் தேர் அன்று மாசி வீதியில் ஆட்டோ ஓட்டிப் பாருங்கள், ஆட்டோ நல்ல ஆட்டோதான். எப்போதும் நாலைந்து ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இனி வேலை. செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு தின்றிருக்கிறது என்று பட்டியல் வரும். உங்கள் விஷயத்தில் இரண்டு குற்றவாளிகள்தான் என்று நினைக்கிறேன்: வாட்ஸ்அப், பிடிஎஃப்.

வாட்ஸ்அப்பை முதலில் பிடியுங்கள். சிம் இல்லாத டேப் என்பதால், போனில் இருக்கும் கணக்கைக் கியூஆர் கோடு காட்டி இதில் இணைத்திருப்பீர்கள். அப்படியானால் போனில் வரும் காலை வணக்கம், ஆறு குழுவில் ஆறு தடவை வரும் ஒரே வீடியோ, பேரன் ஆண்டு விழா ஆட்டம் எல்லாம் இங்கேயும் இன்னொரு பிரதி இறங்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற இடத்தில் படம், ஆடியோ, வீடியோ தானாக இறங்குவதை வைஃபைக்கும் சேர்த்து நிறுத்துங்கள். வைஃபை மட்டுமே உள்ள டேப்பில் மொபைல் டேட்டாவுக்கு மட்டும் நிறுத்திவிட்டு "நிறுத்திட்டேனே" என்பவர்கள் நிறைய.

ஏற்கெனவே சேர்ந்ததை என்ன செய்வது? அங்கேயே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதில் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக வரும், ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்கலாம். ஆனால் இங்கே அழிப்பது இணைந்திருக்கும் போனிலும் போய்விடலாம் என்று எண்ணிக்கொண்டே கை வையுங்கள். வேண்டிய படங்களை முதலில் கார்டுக்கு நகலெடுத்து விடுங்கள். எனக்கு இதைவிடப் பிடித்த வழி வேறு: டேப்பிலிருந்து வாட்ஸ்அப்பையே நீக்கிவிட்டு, திரும்பப் போட்டு, போனோடு மறுபடி இணைப்பது. மூலம் போனில் இருக்கிறது. ஆப்புக்குள் குவிந்த குப்பை போய்விடும், சமீபத்திய பேச்சுகள் திரும்பி வரும். இறங்கிய படமும் வீடியோவும் வாட்ஸ்அப் ஃபோல்டரில் மீந்திருந்தால் 'ஃபைல்ஸ்' ஆப்பில் போய் அழித்துவிடுங்கள். முதன்மைக் கணக்கு போனில்தான் இருக்கிறது என்பதை நீக்குவதற்கு முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, போனைத் தொடர்ந்து 14 நாள் பயன்படுத்தாமல் போட்டால் டேப்பில் வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிடும். அது பழுது இல்லை.

அடுத்தது புத்தகங்கள். இவற்றைத் தாராளமாகப் பரணில் ஏற்றலாம். 'ஃபைல்ஸ்' ஆப்பில் 'டவுன்லோட்ஸ்' போய், பிடிஎஃப் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எஸ்டி கார்டுக்கு 'மூவ்' கொடுங்கள். படிக்கும் ஆப் அங்கிருந்தே திறந்துகொள்ளும். ஸ்கேன் செய்த புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். பக்கத்துக்கு 200 கேபி என்று வைத்தாலும் 300 பக்கத்துக்கு 60 எம்பி, நூறு புத்தகம் என்றால் 6 ஜிபி. பக்கம் திருப்பும்போது திணறுவதற்கும் இதில் பங்குண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய படத்தை விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறதே.

தமிழாசிரியர் என்பதால் ஒன்று சொல்கிறேன். சங்க இலக்கியமோ கம்பனோ படிக்க ஸ்கேன் பிரதி தேவையில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் அவை தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைக்கின்றன. பெயர்தான் மதுரை, 1998 பொங்கலன்று அதைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில். தட்டச்சு செய்ததும் மெய்ப்புப் பார்த்ததும் பல நாட்டுத் தன்னார்வலர்கள். எழுத்தாக இருந்தால் 1330 குறளும் சேர்ந்தே சில நூறு கேபிதான். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமும் அதற்கேற்ப மடங்கிக் கொடுக்கும், ஒரு சொல்லைத் தேடவும் முடியும். பழைய பதிப்பின் முன்னுரை, அடிக்குறிப்பு, அச்சின் அழகு வேண்டும் என்றால் ஸ்கேன்தான் வழி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இறக்கும்போதே கார்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கார்டை நம்பிப் புத்தகம் வைப்பதற்கு முன் அது அசலா என்று பாருங்கள். நம்ப முடியாத விலைக்கு வாங்கியிருந்தால், 128 என்று காட்டிவிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் உண்டு. எழுதும்போது எல்லாம் சரியாக இருக்கும், திறக்கும்போது கோப்பு கெட்டிருக்கும். கம்ப்யூட்டரில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் சோதித்துவிடலாம். அது கார்டு முழுவதும் எழுதி வாசித்துப் பார்க்கும், சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். அசல் கார்டுகூட ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இனிக் கிடைக்காத புத்தகங்களை இன்னொரு பென்டிரைவிலும் வைத்திருங்கள்.

"கார்டையே உள் ஸ்டோரேஜாக மாற்றலாமே" என்று யாராவது சொல்வார்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து அந்த வசதி உண்டு, சில கம்பெனிகள் மட்டும் அதைத் தருவதில்லை. மாற்றும்போது கார்டில் இருப்பது முழுவதும் அழியும். அப்புறம் அந்தக் கார்டு அந்த டேப்பில் மட்டும்தான் திறக்கும், கழற்றினால் அதில் இருந்த ஆப்கள் ஓடாது. போதாததற்கு கார்டின் வேகம் உள் மெமரிக்கு ஈடாகாது. உங்கள் தேவைக்கு வேண்டாம்.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஆப்பின் ஸ்டோரேஜ் பக்கத்தில் 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' என்று இரண்டு பொத்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் (சில டேப்பில் இரண்டாவதன் பெயர் 'கிளியர் ஸ்டோரேஜ்'). முதலாவதைத் தட்டினால் தற்காலிகக் குப்பை போகும், பாதகமில்லை. இரண்டாவதைத் தட்டினால் அந்த ஆப்பில் நீங்கள் வைத்த குறிகள், கணக்கு, எல்லாம் போய்விடும். அதைத் தொடாதீர்கள். அப்புறம், கூகுள் போட்டோஸில் படத்தை அழித்தால் அதே கணக்கில் இருக்கும் போனிலும் அது போய்விடும். 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தட்டினால் பேக்கப் ஆன படங்களின் பிரதி டேப்பிலிருந்து மட்டும் நீங்கும். அழித்ததெல்லாம் சில வாரம் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதையும் காலி செய்யாமல் "அழிச்சும் இடம் வரலையே" என்று வருந்த வேண்டாம். 'கிளீனர்', 'பூஸ்டர்' என்று வரும் ஆப்களை இறக்க வேண்டாம். இருக்கிற கொஞ்ச இடத்தில் விளம்பரக் கடை போடுவதுதான் அவற்றின் வேலை.

கூகுள் பே விஷயம் வேறு. இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யுபிஐ ஆப் எதுவானாலும் பதிவு செய்யும்போது, வங்கியில் கொடுத்த எண்ணின் சிம்மிலிருந்து அந்தச் சாதனமே ஓர் எஸ்எம்எஸ் அனுப்பியாக வேண்டும். இந்த எண் இந்தச் சாதனத்தில்தான் இருக்கிறது என்று வங்கி உறுதி செய்துகொள்வது அப்படித்தான். சிம்மே இல்லாத டேப்பில் அது நடக்காது, ஓடிபியைப் போனில் பார்த்து இங்கே அடித்தாலும் நடக்காது. இதற்கு வழி இருக்கிறது என்று யாராவது ஏதாவது ஃபைல் அனுப்பினால் இறக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் விளையாடுகிற சாதனத்தில் வங்கிக் கணக்கு இல்லாமல் இருப்பதே எனக்கு நிம்மதி. பணம் போனில் இருக்கட்டும்.

எப்போது புதிது வாங்கலாம்? ஐந்து ஜிபி காலியாக இருந்தும், எழுத்து வடிவப் புத்தகத்தில்கூடத் திணறினால் குறை பெரும்பாலும் ரேமில், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரியில். அதைக் கூட்ட முடியாது. அப்போது 128 ஜிபி ஸ்டோரேஜ், 6 ஜிபி ரேம், இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் வாட்ஸ்அப்பையும் பிடிஎஃப்களையும் முடித்துவிட்டு அந்த ஸ்டோரேஜ் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள் ஐயா, மீதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.