பத்து டாலர் பந்தயமும் ஏழரைக் கோடி டாலர் கோச்சும்

கேள்வி: டெக்சஸில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பாலுக்கு (அமெரிக்கன் ஃபுட்பால்) ஐந்து, பத்து டாலர் பந்தயம் கட்டுகிறார்கள். ‘மைனஸ் ஏழரை’ என்றால் என்ன? கோச்சை இந்த சீசனில் தூக்குவார்களா என்றும் ஒரு பந்தயம் ஓடுகிறது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் வேலை பார்க்கும் நண்பரைச் சேர்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., கல்லூரி ஆட்டங்களில் பந்தயம் கட்ட விதித்திருக்கும் தடை ஆட்டக்காரருக்கும் கோச்சுக்கும் மட்டுமல்ல, துறை ஊழியருக்கும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழக ஃபுட்பால் தலைமைக் கோச் ரிக் நியூஹைசல், தெரிந்தவர்களோடு கூடைப்பந்துப் போட்டிக்குப் பணம் போட்டதில்தான் 2003-ல் வேலை இழந்தார். விசாரணையில் முதலில் மறுத்தது வேறு சேர்ந்துகொண்டது. வெளியில் நண்பர்களோடு போடலாம் என்று பல்கலைக்கழக அதிகாரியே அனுப்பிய மின்னஞ்சல் கைகொடுத்ததால், 2005-ல் 45 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. உங்கள் நண்பருக்கு அப்படியொரு மின்னஞ்சல் வந்திருக்காது.

மைனஸ் ஏழரை என்றால், பலமான அணி எட்டுப் புள்ளியாவது கூடுதலாக எடுத்து ஜெயிக்க வேண்டும். 31-24 என்று முடிந்தால் அணி ஜெயித்தது, அதன் மேல் கட்டியவர் தோற்றார். வெறும் ஏழு என்றால் அதே ஸ்கோர் ‘புஷ்’, பணம் திரும்பிவிடும். ஃபீல்ட் கோலுக்கு 3, டச்டவுனும் எக்ஸ்ட்ரா பாயின்ட்டும் சேர்ந்து 7 என்பதால் நிறைய ஆட்டங்கள் இந்த இரண்டு வித்தியாசங்களில் முடிகின்றன. அதனால் 7, 7½ இடையிலான அரைப் புள்ளிக்கு மதிப்பு அதிகம். 4½, 5 இடையில் அவ்வளவு இல்லை. திங்கள்கிழமை லைன் (ஏழு, ஏழரை என்று தளம் தரும் அந்த எண்) சனிக்கிழமைக்குள் நகர்ந்துவிடும், சண்டை வருவதே இதில்தான். எந்தத் தளத்தின் லைன், எத்தனை மணிக்குப் பார்த்தது என்று குரூப்பில் எழுதிவையுங்கள். ஓவர்டைம் புள்ளியும் கணக்கில் சேரும்.

பந்தய நிறுவனங்களிடம் 100 ஜெயிக்க 110 வைக்க வேண்டும். கையைக் கடிக்காமலிருக்கவே நூற்றுக்கு 52.4 ஜெயிக்க வேண்டும். நண்பர்களுக்குள் பத்துக்குப் பத்து போதும். நடத்துபவர் கமிஷன் எடுக்கவே கூடாது. தனிப்பட்ட இடம், ஜெயித்த பணம் தவிர யாருக்கும் லாபமில்லை, எல்லோருக்கும் சம வாய்ப்பு: டெக்சஸ் சட்டம் தரும் பாதுகாப்பு இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான்.

இனி கோச். தோல்விகளை எண்ணுவதைவிட ஒப்பந்தத்தின் ‘பையவுட்’ பகுதியை, அதாவது பாதியில் நீக்கினால் கோச்சுக்குத் தர வேண்டிய தொகையைப் பாருங்கள்: எந்தத் தேதிக்குப் பின் தொகை குறைகிறது, வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழிப்பார்களா. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது அப்படிக் கழிப்பது எதுவும் கிடையாது. 60 நாளில் 1.92 கோடி டாலர், பிறகு 2031 வரை ஆண்டுக்கு 72 லட்சம், மொத்தம் 7.68 கோடி. இவ்வளவு தொகை இருந்தால் கை வைக்கமாட்டார்கள் என்று நம்பியவர்கள் அன்று பந்தயத்தில் தோற்றிருப்பார்கள்.

பந்தயத்தின் வாசகம் முக்கியம். ‘நீக்கம்’ என்றால் பல்கலைக்கழகம் அறிவிப்பதா, ‘பரஸ்பரப் பிரிவு’ம் சேருமா? நான் எழுதினால் இப்படி: டிசம்பர் 15 நள்ளிரவுக்குள் பல்கலைக்கழகம் அறிவித்தால் நீக்கம்; அவராகவே ராஜினாமா செய்தாலோ வேறு கல்லூரிக்குப் போனாலோ பந்தயம் ரத்து, பணம் வாபஸ்.