டெக்சாஸ் விபத்தில் இறந்த அண்ணன்: இழப்பீடு கேட்பது யார், வக்கீலிடம் எப்போது போவது?

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்த்த என் அண்ணன் போன மாதம் டிரக் மோதி இறந்துவிட்டார். அண்ணியும் நான்கு வயது மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். டிரக் கம்பெனியின் இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு தொகையைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இங்கிருந்தே நான் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் பெயரில் போட முடியாது. அங்கே இந்த வழக்குக்கு உரியவர்கள் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மட்டுமே, உடன்பிறந்தவர்களுக்கு இடமில்லை. ஆனால் உங்கள் அப்பா, அம்மா இருந்தால் அவர்களுக்கும் உரிமை உண்டு. அண்ணியின் வக்கீலிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அண்ணி இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். போனில் வாக்குமூலம் பதிவு செய்யவும் சம்மதிக்க வேண்டாம். 'அவர் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டுவார்' என்று துக்கத்தில் வாய்தவறிச் சொன்னாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இறந்தவர் மீது பாதிக்கு மேல் தவறு என்று தீர்ந்தால் டெக்சாஸில் ஒரு காசும் கிடைக்காது. அதற்குக் குறைவாக இருந்தால், அந்த விகிதத்துக்குத் தொகை குறையும்.

வழக்குத் தொடுக்கப் பொதுவாக 2 வருடம் அவகாசம். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், ஆதாரம் அவ்வளவு நாள் இருக்காது. டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்ற பதிவைக் கம்பெனி 6 மாதம்தான் வைத்திருந்தாக வேண்டும். கேமரா காட்சி அதற்கும் முன்பே அழிந்துவிடலாம். எதையும் அழிக்கக் கூடாது என்று கம்பெனிக்கு உடனே நோட்டீஸ் அனுப்பத்தான் வக்கீல் வேண்டும். கோர்ட் வாசல் எல்லாம் அப்புறம். விபத்தில் அரசு வாகனமும் சம்பந்தப்பட்டிருந்தால் 6 மாதத்துக்குள் தனி அறிவிப்பு தர வேண்டும், சில நகரங்களில் அதற்கும் முன்பே.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். இந்த மாதிரி வழக்கில் முன்பணம் கேட்பது அரிது. ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, கோர்ட் வரை போனால் 40 சதவீதம் என்பதுபோல எழுத்தில் ஒப்பந்தம் போடுவார்கள். அதில் ஒரு வரியை உற்றுப் பாருங்கள்: வக்கீலின் பங்கைக் கணக்கிடுவது வழக்குச் செலவைக் கழிப்பதற்கு முன்பா, பின்பா? 3 லட்சம் டாலர் வந்து, செலவு 30,000 என்று வையுங்கள். முன்பு என்றால் குடும்பத்துக்கு 1,70,000; பின்பு என்றால் 1,80,000. தோற்றால் அந்தச் செலவு யார் தலையில் என்பதையும் கேளுங்கள்.

அழைக்காமலே வீடு தேடி வரும் வக்கீலையோ அவருடைய ஆளையோ வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி வந்து கேஸ் பிடிப்பது டெக்சாஸில் குற்றம். வக்கீலுக்கு உரிமம் இருக்கிறதா என்பதை மாநில பார் அமைப்பின் இணையதளத்தில் பார்க்கலாம். டிரக் வழக்குகளை நடத்திய அனுபவமும் இருக்க வேண்டும். சாதாரண கார் விபத்து வக்கீல் இதற்குப் போதாது என்பது என் கருத்து.

சமரசமாக முடிந்தாலும் குழந்தையின் பங்கை நீதிபதி தனியாகப் பார்த்து ஒப்புதல் தருவார். அதனால் பணம் கைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும்.