கர்ப்ப கால இரத்தசோகை: இரும்பு மாத்திரை பற்றிய கேள்வி பதில்

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7க்குக் கீழே இறங்கினால் தீவிரம். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் பலருக்கு அளவு ஏறாததற்குக் காரணம், அதை எந்த நேரத்தில், எதோடு சேர்த்துப் போடுகிறார்கள் என்பதுதான். வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியே.

அக்கா, எனக்கு 5ஆம் மாதம். சிவப்பு மாத்திரை போட்டாலே குமட்டுது. மலமும் கறுப்பா போகுது. பயந்து நிறுத்திட்டேன்.

நிறுத்த வேண்டாம்மா. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சமுள்ள இரும்பு வெளியேறுவதால்தான் அந்தக் கறுப்பு. தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெறும் வயிற்றில் இரும்பு நன்றாகச் சேரும், ஆனால் குமட்டும். அதனால் இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்முன் போடுங்கள். தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து அதோடு விழுங்கலாம். வைட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். அரசு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 4ஆம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். அப்படியும் தாங்கவில்லை என்றால் வேறு வகை இரும்பு உப்புக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் கொய்யாவும் கீரையும் நிறையத் தண்ணீரும் போதும்.

ராத்திரி பாலோடதான் மாத்திரை போடறேன் மேடம். கால்சியமும் அப்பவே. தைராய்டு மாத்திரையும் இருக்கு. சரியா?

சரியில்லை. பாலிலும் கால்சியம் மாத்திரையிலும் இருக்கும் கால்சியம், இரும்பு சேருவதைத் தடுக்கும். தைராய்டு மாத்திரையோ இந்த இரண்டில் எதோடு சேர்ந்தாலும் சரியாக வேலை செய்யாது. உங்களுக்கு ஏற்ற நேரம் இது: காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. அதன்பின் 4 மணி நேரத்துக்கு இரும்பும் கால்சியமும் கூடாது. மதியச் சாப்பாட்டோடு கால்சியம் 500 மி.கி., மாலைச் சிற்றுண்டியோடு இன்னொரு 500. இரவு படுக்கும்முன் இரும்பு. பாலை மாலைக்கே மாற்றிவிடுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ, காபியும் அப்படியே.

ஒரு மாசம் விடாம போட்டும் 9.1லேயே நிக்குது. ஏன்?

இரத்தசோகை உள்ளவருக்குத் தினம் இரண்டு மாத்திரை. ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் தேட வேண்டிய காரணங்கள் சில உண்டு. முதலில் எண்ணிக்கை: உங்களுக்கு எழுதியது ஒன்றா, இரண்டா? கடையில் வாங்கினால் அட்டையில் 'எலிமென்டல் அயர்ன்' எவ்வளவு என்று பாருங்கள். உப்பின் மொத்த எடை வேறு, அதிலுள்ள இரும்பு வேறு. அடுத்து குடற்புழு: 4ஆம் மாதத்துக்குப் பிறகு அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே முறை தருவார்கள். முதல் மூன்று மாதத்தில் அது கூடாது. சுத்த சைவம் என்றால் பி12 குறைவும் இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல் சிவப்பணுக்கள் மட்டும் சிறிதாகத் தெரிந்தால் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு) தன்மைக்கான பரிசோதனை தேவை. அது இருந்தால் கணவருக்கும் பரிசோதனை அவசியம். இருவருக்கும் இருந்தால் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கலாம்.

தினமும் பீட்ரூட், மாதுளை ஜூஸ் குடிக்கிறேன். மாத்திரை வேணுமா?

வேண்டும். சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மி.கி. இரும்புகூட இல்லை, மாதுளையில் அதைவிடக் குறைவு. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டி நல்லது, நன்றாக வெந்திருக்க வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்ப காலத்தில், அதிலும் முதல் மூன்று மாதத்தில், வேண்டாம். கீரை, பயறு சாப்பிடும்போது கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்கட்டும்.

மாத்திரை போட்டா குழந்தை கறுப்பா பிறக்கும்னு மாமியார் சொல்றாங்க.

குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவால் வருவது. மாத்திரையால் மாறாது.

பச்சரிசி, விபூதி தின்னணும் போலவே இருக்கு. வெளிய சொல்ல வெட்கமா இருக்கு.

வெட்கப்பட ஒன்றுமே இல்லைம்மா. இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறவர்களுக்கு இந்த ஆசை வருவது சகஜம். செவிலியரிடம் சொல்லி இரத்தம் பாருங்கள். மண், சாம்பல் தின்றால் புழுவும் ஈயமும் உள்ளே போக வாய்ப்புண்டு, இரும்பு சேருவதும் இன்னும் குறையும்.

என் மனைவிக்கு 8ஆம் மாதம், 7.8. ஊசி போடலாம் என்கிறார்கள். ஆபத்தா?

சம்மதியுங்கள். பிரசவத்துக்கு இருக்கும் வாரங்களில் மாத்திரையால் மட்டும் ஏறுவது கடினம். அயர்ன் சுக்ரோஸ் (நரம்பு வழியே ஏற்றும் இரும்பு மருந்து) என்றால் பொதுவாக 200 மி.கி.யை 100 மி.லி. சலைனில் கலந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றுவார்கள். அரிதாக ஒவ்வாமை வரும். அதனால் மருத்துவமனையில் மட்டுமே போட வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அரிப்பு, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ படபடப்பு அடங்காவிட்டாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் மாத்திரை 180 நாள் தொடர வேண்டும். வீட்டில் அதை நினைவுபடுத்துவது உங்கள் பொறுப்பு.