6 ஓம்ஸ் ஸ்பீக்கரை பிரிட்ஜ் செய்யலாமா?

கேள்வி: என் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் 8 ஓம்ஸில் சேனலுக்கு 50 வாட்ஸ், 4 ஓம்ஸில் 80 வாட்ஸ் தரும். பின்பக்கம் பிரிட்ஜ் சுவிட்ச் இருக்கிறது, கீழே ‘குறைந்தது 8 ஓம்ஸ்’ என்று போட்டிருக்கிறது. என் ஸ்பீக்கர்கள் 6 ஓம்ஸ். இதே மாடலில் இன்னொன்று வாங்கி, ஸ்பீக்கருக்கு ஒன்றாக பிரிட்ஜ் செய்துவிடலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் சார். அவுட்புட் டிரான்சிஸ்டர் போய் என் மேசைக்கு சர்வீஸுக்கு வரும் ஆம்ப்கள் பலவற்றில் கதை இதுதான்.

பிரிட்ஜ் என்றால் ஆம்பின் இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது. அதில் ஒரு சேனல் வோல்டேஜை மேலே ஏற்றும்போது மற்றது அதே அளவு கீழே இறக்கும். நடுவில் இருக்கும் ஸ்பீக்கருக்கு இரட்டிப்பு வோல்டேஜ். கணக்குப்படி பவர் நாலு மடங்கு ஆக வேண்டும். பவர் சப்ளை அவ்வளவு தாங்காது. உங்கள் ஆம்பில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் போட்டால் ஒவ்வொரு சேனலுக்கும் அது பாதியாக, 4 ஓம்ஸாகத்தான் தெரியும். ஆளுக்கு 80, மொத்தம் 160 வாட்ஸ்.

உங்கள் 6 ஓம்ஸோ 3 ஆகத் தெரியும். ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப் தர வேண்டிய கரண்ட் கூடும். அந்த 6-ம் பெயரளவுக்குத்தான். சில அதிர்வெண்களில் 4.8 வரை இறங்கும் ஸ்பீக்கரைக்கூட 6 ஓம்ஸ் என்றே விற்கலாம். அப்போது சேனலுக்குத் தெரிவது 2.4. ஹீட்சிங்க் கொதிக்கும், புரொடெக்‌ஷன் ரிலே டக்கென்று விழுந்து ஸ்பீக்கரைத் துண்டிக்கும். ரிலே இல்லாத ஆம்ப் என்றால் டிரான்சிஸ்டர்தான் போகும்.

சரி, 8 ஓம்ஸே என்று வைத்துக்கொண்டாலும் 50-லிருந்து 160 வாட்ஸுக்குப் போனால் கூடுவது 5 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 வேண்டும். இன்னொரு ஆம்புக்கு வைத்திருக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். சென்சிட்டிவிட்டி (அதே பவருக்கு ஸ்பீக்கர் தரும் சத்தம்) 86 டெசிபல் இருக்கும் இடத்தில் 89 வாங்கினால், ஆம்பின் பவரை இரட்டிப்பாக்கிய பலன் அப்படியே கிடைக்கும், சூடு ஏறாமல்.

பிரிட்ஜே தப்பு என்று சொல்லவில்லை. காரில் 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு பவர் எடுக்க அது அருமையான வழி. வீட்டிலும் 8 ஓம்ஸ் பேசிவ் (உள்ளே ஆம்ப் இல்லாத) சப்வூஃபர் ஒன்றை ஓட்ட நானே சிபாரிசு செய்வேன். டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கர் கோனின் அசைவை ஆம்ப் கட்டுப்படுத்தும் திறன்) பாதியாகும் என்பார்கள். நல்ல ஆம்பில் அது காதுக்குத் தெரிந்து நான் பார்த்ததில்லை.

அப்படிச் செய்யும்போது பெரும்பாலான ஆம்ப்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் சிவப்பு முனைகளுக்கே போகும். எதுவும் கிரவுண்ட் கிடையாது. பல ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றி இணைக்கும் செலக்டர் பாக்ஸ் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்; அதற்குள் கிரவுண்ட் பொதுவாக இணைந்திருக்கலாம்.