மூணு இல்ல, முக்கா

அன்புள்ள ஐயா,

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். ஆறு வருடம் ஆகிறது. எங்கள் எம்.டி. பெங்களூரில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரே ஏ.ஐ. பேச்சு. டேனரியிலிருந்து (தோல் பதனிடும் ஆலை) வரும் தோலின் பின்பக்கம் கையால் எழுதியிருக்கும் அளவை ஃபோனில் படம் எடுத்தால் போதுமாம். ஏஜென்ட் என்கிற, தானாக வேலை செய்யும் ஒரு ஏ.ஐ. மென்பொருள் அதைப் படித்து ஸ்டாக்கில் ஏற்றிவிடும், கட்டிங்குக்கு எவ்வளவு தோல் கொடுப்பது என்பதையும் அதுவே போட்டுவிடும். மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறார். டெமோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கீழே இருப்பவர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள். அளவு பார்க்கும் பெரியவர் எட்டாவது வரை படித்தவர். திரையைப் பார்த்துச் சிரித்தார், "அது மூணு இல்ல சார், முக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கொஞ்சம் நிதானமாகச் செய்வோம் என்று நான் சொன்னால் எம்.டி. என்னை முட்டுக்கட்டை என்கிறார். தொலைநோக்குள்ள தலைமை என்பது இதுதானா? பிளாக்செயின், குவாண்டம் எல்லாம் படித்து வைக்க வேண்டுமா? பேசாமல் பெங்களூருக்கே போய்விடலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கணினிக்குள் போகிற எண் எங்கே பிறக்கிறது என்பதைப் பற்றி எழுத உட்கார்ந்து, அது சில வாரங்களாக நகராமல் கிடக்கிறது. உங்கள் கடிதத்தில் 'முக்கா' என்ற சொல்லைப் பார்த்ததும் பதிலை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். "கீழே இருப்பவர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அந்தப் பெரியவர் உங்கள் மென்பொருளில் இருந்த மிகப் பெரிய பிழையை மூன்றே சொல்லில் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரிக்கும் இருக்கும் தொடர்பு உங்கள் கண்ணில் படவில்லை. அவர் எட்டாவது படித்தவர் என்ற தகவல் எதற்கு? காசில்லாமல் கிடைத்த சோதனை அறிக்கை அது. அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அவர் சொன்னதை விரித்துச் சொல்கிறேன். அளவு மெஷினே தசமத்தில் அச்சடித்துத் தந்தால் இந்தப் பேச்சே இல்லை. கையால் எழுதும் இடங்களில், தோலின் சதைப் பக்கத்தில் சதுர அடியை முழு எண்ணாக எழுதி, அதன் வலது தோளில் சின்னதாக 1, 2, 3 என்று போடுவார்கள். அந்தச் சின்ன எண் கால் கணக்கு. 12¹ என்றால் பன்னிரண்டே கால், 12² என்றால் பன்னிரண்டரை, 12³ என்றால் பன்னிரண்டே முக்கால். ஒன்றும் போடாவிட்டால் முழு அடி. பழந்தமிழ்க் கணக்கில் எட்டை 'அ' என்றும் காலை 'வ' என்றும் எழுதினார்கள். எட்டேகாலை 'அவ' என்று எழுதிக் கொடுத்தால் குறி தெரியாதவன் அதை ஒரு சொல் என்றே படிப்பான். உங்கள் ஏஜென்ட்டும் அந்த நிலையில்தான் இருக்கிறது.

அது 12³-ஐ 123 என்று படித்தால் பயமில்லை. மாட்டுத் தோலைப் பாதியாக வெட்டிய ஒரு 'சைடு' 123 சதுர அடி இருக்காது என்று கடைநிலை ஊழியர்கூடச் சொல்லிவிடுவார். ஆபத்து 12.3-இல் இருக்கிறது. அது பார்வைக்குச் சரியான எண். உண்மையில் 12.75. ஒரு தோலில் 0.45 அடி காணாமல் போய்விட்டது. 12²-ஐ 12.2 என்று படித்தால் 0.30 போகும், 12¹-ஐ 12.1 என்று படித்தால் 0.15. நான்கு வகையும் சமமாக வந்தால் தோல் ஒன்றுக்குச் சராசரியாக 0.225 சதுர அடி. ஆயிரம் சைடு வந்த ஒரு லாட்டில் 225 சதுர அடி.

சைடு ஒன்றுக்குச் சராசரி 16 அடி என்று வைத்துக்கொண்டால் லாட் மொத்தம் 16,000. இதில் 225 என்பது ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே. கட்டிங் கழிவில் அது சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும், யாரும் தேட மாட்டார்கள். பிறகு நடப்பதைக் கவனியுங்கள். ஒரு ஜோடிக்கு அப்பர் தோல், அதாவது ஷூவின் மேல்பகுதிக்கான தோல், 2.25 சதுர அடி என்று உங்கள் நார்ம் (அனுமதித்த செலவளவு) இருந்தால், உண்மையில் இருக்கிற 16,000 அடியில் 7,111 ஜோடி வரும். ஏட்டில் இருப்பதோ 15,775. அதை 7,111-ஆல் வகுத்தால் ஜோடிக்கு 2.22 அடிதான் செலவு என்று அறிக்கை வரும். எம்.டி. மகிழ்வார். ஏ.ஐ. வந்ததும் தோல் மிச்சமாகிறது என்று அடுத்த மாநாட்டில் அவரே பேசுவார். நார்ம் 2.22-க்கு இறங்கும். யாரோ ஒருவர் ஏஜென்ட்டின் பிழையைத் திருத்தியதும், அல்லது தசமத்தில் அச்சடிக்கும் டேனரியிலிருந்து அடுத்த லாட் வந்ததும், கட்டிங்கில் தோல் பற்றாது. மேஜையில் டை (வெட்டும் அச்சு) வைத்து வெட்டுகிறவர் தோலை வீணாக்குகிறார் என்று மெமோ போகும். பிழை செய்தது மென்பொருள், சம்பளம் பிடிக்கப்படுவது கட்டிங்காரருக்கு. இன்னொரு பக்கம், 225 அடி குறைகிறது என்று டேனரிக்கு டெபிட் நோட் (பணத்தைக் கழித்துக்கொள்ளும் சீட்டு) போய் அங்கேயும் சண்டை.

டெமோவில் இது தெரியாததற்குக் காரணம் உண்டு. விற்க வந்தவர் அச்சடித்த பேக்கிங் லிஸ்ட்டைக் காட்டியிருப்பார், அல்லது வெளிச்சத்தில் விரித்துப் போட்ட நாலு தோலை. ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏ.ஐ. மாதிரி (மாடல்) கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து வளர்ந்தது. எண்ணுக்கு மேலே சிறிதாக ஒரு 3 இருந்தால் அது கணக்கில் வரும் மும்மடி (கியூப்), இல்லையென்றால் அடிக்குறிப்பு, இல்லையென்றால் புள்ளி விட்டுப்போன தசமம். முக்கால் என்ற பொருள் அதற்குப் பழக்கமில்லை. பக்கத்திலேயே '98 சதவீதம் நம்பிக்கை' என்று பச்சை நிறத்தில் காட்டும். அந்த 98, எழுத்து '3' தான் என்பதற்கான நம்பிக்கை. மூன்று என்றால் என்ன என்பதற்கு அது பொறுப்பேற்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை உங்கள் எம்.டி.க்குப் புரிய வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆகவே எண்ணை ஒரே பெட்டியில் வாங்காதீர்கள். முழு அடிக்கு ஒரு பெட்டி, காலுக்கு ஒரு பெட்டி. கால் பெட்டியில் 0, 1, 2, 3 தவிர எது வந்தாலும் நிராகரிக்க வேண்டும். தசமமாக மாற்றுவது மாதிரியின் வேலை இல்லை, அதை நிரல் செய்யட்டும். தோல் வகைக்கு ஏற்ற எல்லையும் வையுங்கள். ஆட்டுத் தோலில் 14 அடி என்று வந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். தோலைத் தலைகீழாகப் போட்டுப் படம் எடுத்தால் 16 என்பது 91 ஆகும், 6-ம் 9-ம் இடம் மாறும். அதற்காகத்தான் சிலர் 9-க்கு அடியில் கோடு போடுகிறார்கள். அந்தக் கோடு அழுக்கு இல்லை, படத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் சோதனைக்கு 200 தோல். குறைந்தது மூன்று டேனரியின் சரக்கு, ஏனென்றால் ஒவ்வொரு கையெழுத்தும் வேறு. பகல் ஷிஃப்ட்டில் பாதி, டியூப்லைட்டின் கீழே இரவில் பாதி. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தட்டச்சு செய்யட்டும். மனிதர்கள் எத்தனை தவறு செய்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மெஷினை எதனோடு ஒப்பிடுவீர்கள்? கருத்து வேறுபட்ட தோல்களை அந்தப் பெரியவரிடம் கொண்டுபோங்கள், அவர் சொல்வதே விடை. அதன் பிறகு ஏஜென்ட்டை ஓட்டி, முழு அடியில் வந்த பிழையையும் காலில் வந்த பிழையையும் தனித்தனியாக எண்ணுங்கள். '97 சதவீதம் சரி' என்று ஒரே எண்ணாகச் சொன்னால் மிச்ச மூன்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது.

'மனிதர் ஒருவர் சரிபார்ப்பார்' என்று திட்டத்தில் எழுதியிருப்பீர்கள், எல்லோரும் எழுதுவதுதான். திரையில் விடையை ஏற்கெனவே நிரப்பி வைத்துவிட்டு 'சரி' என்ற பொத்தானையும் வைத்தால், இரண்டு வாரத்தில் விரல் தானாக அமுக்கும், கண் பார்க்காது. இருபதில் ஒரு தோலுக்குப் பெட்டியைக் காலியாக விடுங்கள், அவரே பார்த்து எழுதட்டும். தினமும் விடை தெரிந்த பத்துப் படங்களைத் தவறான எண்ணோடு நடுவில் கலந்து விடுங்கள். பத்தில் எத்தனையைப் பிடித்தார் என்பதுதான் உங்கள் பாதுகாப்பின் உண்மையான அளவு. ஏஜென்ட் நேராக ஸ்டாக்கில் எழுதவே கூடாது. ஒரு தற்காலிகப் பட்டியலில் எழுதட்டும், ஸ்டாக்கில் ஏற்றுவது ஆளின் கையால் நடக்கட்டும். ஒதுக்கீடு, டெபிட் நோட் இரண்டையும் இந்த வருடம் அதனிடம் கொடுக்காதீர்கள்.

தலைமையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் எம்.டி. மோசமானவர் என்று நான் நினைக்கவில்லை. மாநாட்டுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார், அது இயல்பு. அவரிடம் ஒன்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: எந்த எண்ணைத் தாண்டினால் இந்தத் திட்டத்தை நிறுத்துவோம்? ஆரம்பிக்கும் தேதியை எல்லாத் தலைவர்களும் சொல்வார்கள், நிறுத்தும் நிபந்தனையைக் கேட்டால் முட்டுக்கட்டை என்பார்கள். 'காலில் வரும் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போனால் நிறுத்தம்' என்று ஒரு வரி போதும். கூடவே இன்னொன்று: ஏஜென்ட் ஓடும் முதல் ஆறு மாதத்துக்கு நார்மைத் தொடக்கூடாது.

தவறு ஒருவருடையது, செலவு இன்னொருவருக்கு என்பது நம் பக்கத்துக்குப் புதிய பாடமும் இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லி, அன்றைய வடார்க்காடு அம்பேத்கர் உள்ளிட்ட மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. டேனரிக் கழிவால் பாலாறு கண்ட துயரத்தோடு இதை ஒப்பிடவில்லை. ஆனால் அந்த விதியைக் கம்பெனிக்குள் கொண்டுவந்து பாருங்கள். உங்கள் பொருள் பட்டியலில் ஒரே கருப்புத் தோல் 'பிளாக்', 'பி.எல்.கே.', 'ஜெட் பிளாக்' என்று மூன்று பெயரில் கிடக்கும். அழுக்காக்கியது பர்ச்சேஸும் சேல்ஸும். சுத்தம் செய்ய நாள் கேட்டு, தாமதப்படுத்துகிறார் என்று பெயர் வாங்குவது கணினிப் பிரிவு. எந்தப் பிரிவு புதுப் பெயரை நுழைத்ததோ அந்தப் பிரிவின் கணக்கில் அந்தச் சுத்திகரிப்பு நாட்களை எழுதுங்கள். இரண்டே மாதத்தில் புதுப் பெயர்கள் குறையும். இதற்கு ஏ.ஐ. வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும்.

பிளாக்செயின்: வேண்டாம். 12.3 என்று தவறாக ஏற்றியதை யாராலும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கும், அவ்வளவுதான் உங்களுக்கு அதனால் நடக்கும். குவாண்டம்: நேரம் இருந்தால் படியுங்கள், ஷூவுக்கும் அதற்கும் இப்போதைக்குச் சம்பந்தமில்லை. அதைவிட சைஸ் கணக்கைப் படியுங்கள். இங்கிலீஷ் சைஸில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் மூன்றில் ஒரு இஞ்ச், ஏறக்குறைய 8.47 மில்லிமீட்டர். ஐரோப்பிய சைஸில் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், 6.67 மில்லிமீட்டர். இரண்டும் எந்த இடத்திலும் ஒழுங்காக ஒட்டாது. ஷூ வாங்கும் ஒவ்வொரு பையரும் தன் மாற்றுப் பட்டியலைத் தருவார். ஏஜென்ட் எல்லோருக்கும் ஒரே பட்டியலைப் போடும். உங்களுடைய அடுத்த தலைவலி அங்கேதான் காத்திருக்கிறது, இப்போதே பையர் வாரியாகப் பட்டியல்களைப் பிரித்து வையுங்கள்.

திட்டியதில் மனம் வருந்தியிருப்பீர்கள். ஆறு வருடம் அந்த ரயிலில் போய் வந்து, முட்டுக்கட்டை என்று பெயரும் வாங்கிக்கொண்டு, இன்னும் நிதானமாகச் செய்யலாம் என்று சொல்கிறவர் நீங்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அந்தப் பெரியவரிடம் போய் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்கே கூச்சமாக இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள், எம்.டி.க்கு எதிரே அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். 12³ எழுதிய தோல் ஒன்றை மேஜையில் விரித்து, படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெங்களூர் விஷயம் கேட்டிருந்தீர்கள். அந்த 200 தோலை எண்ணி முடித்துவிட்டு எழுதுங்கள், பேசலாம்.