எதிராளி சொல்றதை முதல்ல நீயே எழுதிப் பாரும்மா

கேள்வி: அக்கா, பத்தாவது வரைக்கும் திருநெல்வேலியில படிச்சேன், அப்புறம் அப்பா வேலைக்காக நியூ ஜெர்சி வந்துட்டோம். இப்ப கம்யூனிட்டி காலேஜ்ல முதல் வருஷம். இங்க இங்கிலிஷ் காம்போசிஷன் கோர்ஸ் கட்டாயம், அதுல கடைசியா ஒரு ரிசர்ச் எஸ்ஸே எழுதணும், 6 பக்கம், குறைஞ்சது 5 சோர்ஸ். "சோஷியல் மீடியா மாணவர்களுக்கு நல்லதா கெட்டதா"ன்னு தலைப்பு குடுத்தேன், ப்ரொஃபசர் "ரொம்பப் பெருசு, உன் கட்சி என்ன, அதை யார் மறுப்பாங்க?"ன்னு ஓரத்துல எழுதி திருப்பிட்டார். ஸ்கூல்ல பேச்சுப்போட்டியில பரிசெல்லாம் வாங்கினவ நான். இங்க ஹைஸ்கூல் படிக்கும்போது காலையில 6.20க்கு பஸ், ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃபோனைப் பாத்துட்டு முதல் பீரியட் முழுக்க தூங்கி வழிவேன், அதனாலதான் இந்த டாபிக்கே எடுத்தேன். எங்க தப்பு பண்றேன்?

பதில்: லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன்மா. எனக்கு கண்ணுல பட்டது அந்த 6.20 பஸ்தான். உன் டாபிக் அங்க இருக்கு, நீ அதைத் தாண்டிப் போயிட்ட.

"நல்லதா கெட்டதா"ங்கறது பட்டிமன்றத் தலைப்பு. அங்க உனக்கு ஒரு அணி குடுத்துடுவாங்க, எதிரணியை மடக்கினா கைதட்டல், கடைசியில நடுவர் ரெண்டு பக்கமும் சரின்னு சமாதானம் பண்ணிடுவார். நான் பல வருஷம் இந்த கோர்ஸ் எடுத்திருக்கேன், நம்ம ஊர்ல நல்லா பேசின பிள்ளைங்கதான் முதல் எஸ்ஸேல தடுக்கி விழுவாங்க, ஏன்னா இங்க கைதட்ட ஆளே இல்ல, உன் கருத்துக்கு ஒத்துக்காத ஒருத்தர் பேனாவோட தனியா உக்காந்து படிக்கிறார், அவரை ஒரு அடியாவது நகர்த்தணும், அவ்வளவுதான் வேலை. அதுக்கு முதல்ல விவரமான ஒருத்தர் "நான் ஒத்துக்க மாட்டேன்"னு சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் வேணும். இதை எடுத்துக்கோ: "ஹைஸ்கூல் எதுவும் காலையில 8.30க்கு முன்னாடி தொடங்கக் கூடாது." இதுக்கு ஆதாரமும் இருக்கு, எதிர்ப்பும் இருக்கு, 6 பக்கத்துல அடங்கவும் அடங்கும்.

ஆதாரம் தேட ரொம்ப அலைய வேண்டாம். அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கம் 2014லயே மிடில் ஸ்கூலும் ஹைஸ்கூலும் 8.30க்கு முன்னாடி வேண்டாம்னு சொல்லிடுச்சு, காரணம் வளர்ற வயசுல உடம்போட கடிகாரமே பின்னாடி தள்ளிப் போயிடுது, சீக்கிரம் படுன்னு அம்மா சொன்னாலும் தூக்கம் வராது. கலிஃபோர்னியா 2019ல ஹைஸ்கூலுக்கு இதையே சட்டமா போட்டு 2022 ஜூலையில அமலுக்கு கொண்டு வந்துச்சு.

ஆனா நான் உன்னை உக்காந்து வரி வரியா படிக்கச் சொல்றது சியாட்டில் ஆராய்ச்சியைத்தான். அங்க 2016ல ஹைஸ்கூல் நேரத்தை 7.50ல இருந்து 8.45க்கு மாத்தினாங்க. மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை, மாத்தின பிறகு ஒரு தடவை, ரெண்டு ஸ்கூல் பிள்ளைங்க கையில வாட்ச் மாதிரி ஒரு கருவியைக் கட்டி தூக்கத்தை அளந்தாங்க. 34 நிமிஷம் கூடுதலா தூங்கியிருக்காங்க. நிறைய பேர் இந்த நம்பரை மட்டும் எடுத்துப் போட்டுட்டு அடுத்த பாராவுக்கு ஓடிடுவாங்க, நீ ஓடாத. அட்டெண்டன்ஸ் கூடினது ரெண்டுல ஒரு ஸ்கூல்லதான், வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்க அதிகம் படிக்கிற ஸ்கூல்ல. ரெண்டு தடவையும் அளந்தது அதே பிள்ளைங்களையும் இல்ல, அடுத்த வருஷம் அந்த கிளாஸுக்கு வந்த வேற பிள்ளைங்களை. இதையெல்லாம் மறைச்சா எஸ்ஸே வலுவாகும்னு நினைக்காத. நீயே எடுத்துச் சொன்னாதான் படிக்கிறவருக்கு, சரி இந்தப் பொண்ணு முழுசா படிச்சிருக்குன்னு உன் மேல ஒரு நம்பிக்கை வரும்.

இனி எதிர்க்கட்சி. இங்கதான் நீ முக்கால்வாசி நேரத்தை செலவு பண்ணணும்னு சொல்வேன். ஸ்கூல்ல நன்னூல் படிச்சிருப்ப, பாயிரத்துல எழுவகை மதம்னு வருமே, ஞாபகம் இருக்கா? உடன்படல், மறுத்தல்னு ஆரம்பிச்சு மூணாவதா "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு"ன்னு ஒண்ணு சொல்றார் பவணந்தியார், அதாவது அடுத்தவர் கருத்தை முதல்ல ஏத்துக்கிட்டு அப்புறம் அதை விலக்கறது. உன் ப்ரொஃபசர் கேக்கறது அதேதான்மா, ஏழெட்டு நூற்றாண்டுக்கு முன்னாடி நம்ம ஆள் எழுதி வெச்சது. எதிராளி வாதத்தை நோஞ்சானா ஆக்கி அடிக்கறது சுலபம், அவர் எழுதினா எவ்வளவு பலமா எழுதுவாரோ அவ்வளவு பலமா நீ எழுதணும்.

உன் விஷயத்துல பலமான எதிர்வாதம் பஸ்தான். நிறைய ஊர்ல அதே பஸ்ஸும் அதே டிரைவரும் முதல்ல ஹைஸ்கூல் பிள்ளைங்களை இறக்கிட்டு அப்புறம் சின்னப் பிள்ளைங்களை ஏத்தப் போறாங்க, ஹைஸ்கூலை தள்ளினா அந்த ஆறு வயசுக் குழந்தை இருட்டுல பஸ் ஸ்டாப்ல நிக்கணும், இல்ல புதுசா பஸ் வாங்கணும். பாஸ்டன்ல 2017ல இப்படி மாத்தப் பாத்து, பெத்தவங்க கொதிச்சு எழுந்து, அதே மாசத்துல கைவிட்டாங்க. ஃப்ளோரிடா 2023ல சட்டம் போட்டு, 2026ல அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே 2025ல கட்டாயம் இல்லைன்னு ஆக்கிடுச்சு. பாஸ்டன் பெத்தவங்க முட்டாளா? இல்லவே இல்ல, அவங்க கவலை நியாயமானது, அதை அப்படியே எழுது. எழுதிட்டு, அப்ப யார் முதல் பஸ்ல போகணும், செலவை யார் ஏத்துக்கணும்னு உன் பதிலைச் சொல்லு. சொல்ல முடியலைன்னா உன் வாக்கியத்தை மாத்து, "பஸ்ஸுக்கு மாநில அரசு பணம் குடுத்தா மட்டும்"னு ஒரு நிபந்தனை சேத்துக்கோ, அது தோல்வி கிடையாது.

ரெண்டாவது எதிர்வாதம் உன் பழைய டாபிக்தான்! "பெல்லைத் தள்ளி வெச்சா இன்னும் கொஞ்ச நேரம் ஃபோனைப் பாத்துட்டு இன்னும் லேட்டாதான் தூங்குவாங்க"ன்னு ஒரு அப்பா சொல்வார், உன் ஒரு மணி கதையே அதுக்கு சாட்சி. சியாட்டில்ல என்ன ஆச்சுன்னா, படுக்கிற நேரம் பெருசா மாறல, எழுந்திரிக்கிற நேரம்தான் தள்ளிப் போச்சு. ஆக சோஷியல் மீடியாவை நீ தூக்கிப் போட வேண்டாம், ஒரு பாராவுல அதுக்குரிய இடத்துல உக்கார வை. 6.20 பஸ்ஸை முதல் பாராவுல நாலு வரி எழுது, ஆதாரமா இல்ல, படிக்கிறவர் அந்தக் குளிர்ல உன்கூட நிக்கறதுக்கு.

கேள்வி: எஸ்ஸேக்கு ஏஐ கிட்ட சோர்ஸ் கேட்டேன், ஆறு கட்டுரை பேரு குடுத்துச்சு, ஆத்தர், வருஷம், பக்கம் எல்லாம் பக்காவா இருக்கு. லைப்ரரி டேட்டாபேஸ்ல தேடினா நாலு கிடைக்கவே இல்ல. அப்படியே போட்டுடலாமா, ரெண்டு நாள்தான் இருக்கு.

பதில்: போடாதீங்க தம்பி. கிடைக்கலைங்கறதுக்கு பெரும்பாலும் அர்த்தம் அப்படி ஒரு கட்டுரையே இல்லைங்கறதுதான். 2023ல நியூயார்க்ல ஏஐ குடுத்த இல்லாத கேஸ்களை கோர்ட்டுல தாக்கல் பண்ணின வக்கீல்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார், படிச்ச வக்கீலுக்கே அந்த நிலைமை. கிடைச்ச ரெண்டையும் திறந்து, ஏஐ சொன்னதுதான் உள்ள இருக்கான்னு பாருங்க. அப்புறம் அந்தக் கட்டுரை கடைசியில இருக்கிற பட்டியல்ல உங்க விஷயத்துக்கு ஒட்டினது நாலு பிடிங்க, இப்படி ஒண்ணைப் பிடிச்சு இன்னொண்ணுக்குப் போறதுதான் வேகமான வழி, ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும். லைப்ரேரியன் கிட்ட கூச்சப்படாம கேளுங்க. படிக்கும்போதே பக்க எண்ணை குறிச்சு வைங்க, ராத்திரி 11 மணிக்கு அதைத் தேடி அலையறது கொடுமை.

கேள்வி: டல்லாஸ்ல இருக்கோம். பையன் "காலேஜ்ல அட்டெண்டன்ஸுக்கு மார்க் குடுக்கக் கூடாது"ன்னு எஸ்ஸே எழுதறான். அவன் இங்கிலிஷ் சுமார்தான், நான் திருத்திக் குடுக்கலாமா?

பதில்: சார், உங்க அக்கறை புரியுது, ஆனா நீங்க வரியை மாத்தினா அது உங்க எஸ்ஸே ஆயிடும், அவன் குரல் எதுன்னு டீச்சருக்கு ரெண்டு பாராவுலயே தெரிஞ்சுடும். இலக்கணத்துக்கு காலேஜ்ல ரைட்டிங் சென்டர் இருக்கும், பொதுவா காசு வாங்க மாட்டாங்க, அங்க அனுப்புங்க. வீட்டுல நீங்க பண்ண வேண்டியது வேற. சாப்பாடு முடிஞ்சதும் அவனை சத்தமா படிக்கச் சொல்லுங்க, நீங்க டீச்சர் கட்சியில உக்காந்துக்கோங்க, "குரூப் வொர்க் இருக்கிற கிளாஸ்ல நீ வரலைன்னா மத்த மூணு பேர் என்ன பண்ணுவாங்க?"ன்னு கேளுங்க. அவன் பதில் சொல்ல ஆரம்பிச்சதும் நிறுத்தி, இப்ப சொன்னியே அதை எழுதிட்டு வாடான்னு அனுப்பிடுங்க.